சரிகைக் கம்பி இழுப்பு அச்சு

சரிகைக் கம்பி இழுப்பு அச்சு என்பது வெள்ளி, செம்பு முதலிய உலோகங்களாலான கம்பியை ஒரு சிறு துளையின் வழியாக இழுத்து, வேண்டிய விட்டத்துக்கு மெலிதாக்கப் பயன்படும் கருவியாகும். காஞ்சிபுரம் பட்டுச் சேலைகளின் கரையிலும் முந்தானையிலும் காணப்படும் சரிகையின் உலோகப் பகுதி, இத்தகைய பல அச்சுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து வருவதாகும். துளையின் விட்டம் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவுக்கு மாறினாலும் ஒரு மீட்டர் கம்பியில் அடங்கும் வெள்ளியின் எடை மாறிவிடும். சரிகை எடைக்கணக்கில் விற்கப்படுவதால், அச்சின் அளவு சரியாக இருப்பது தொழில்நுட்பத் தேவை மட்டுமன்று. ஆலை, நெசவாளர், சேலை வாங்குபவர் ஆகிய மூவருக்கும் இடையிலான நேர்மையும் அதனைச் சார்ந்துள்ளது.

பெயர்

பொற்கொல்லர்கள் பயன்படுத்தும், பல துளைகள் கொண்ட எஃகுத் தகடு தமிழில் கம்பியச்சு எனப்படுகிறது. பெரிய துளையில் தொடங்கிச் சிறிய துளை வரை கம்பியைக் கையால் இழுத்து மெலிதாக்குவர். சரிகை ஆலைகளில் உள்ள இழுப்பு அச்சுகள் இதே தத்துவத்தில் அமைந்தவை. ஆனால் ஒவ்வொரு துளையும் தனி வில்லையில் அமைந்து, இயந்திரத்தில் வரிசையாகப் பொருத்தப்படுகிறது. சரிகையைக் குறிக்கும் ஜரி என்ற சொல், பாரசீக மொழியில் தங்கத்தைக் குறிக்கும் ஜர் என்ற சொல்லிலிருந்து வந்தது.

சரிகை உருவாகும் முறை

சரிகை என்பது தனி உலோகக் கம்பி அன்று. அது பட்டு நூலின்மீது உலோக இழை சுற்றப்பட்ட ஒரு கூட்டு நூலாகும். அது உருவாகும் படிகள் வருமாறு:

1. உலோகம் உருக்கப்பட்டுக் கோலாக வார்க்கப்படுகிறது.
2. கோல் உருளைகளிலும் பெரிய துளை அச்சுகளிலும் செலுத்தப்பட்டுத் தடித்த கம்பியாகிறது.
3. தடித்த கம்பி, சிறிய துளை அச்சுகளின் தொடர் வழியாக இழுக்கப்பட்டுத் தலைமயிர் அளவுக்கு மெலிதாகிறது.
4. மெல்லிய கம்பி, பளபளப்பான இரு எஃகு உருளைகளுக்கிடையே நசுக்கப்பட்டுச் சப்பட்டை இழையாகிறது.
5. சப்பட்டை இழை, சாயமிட்ட பட்டு நூலின்மீது நெருக்கமாகச் சுற்றப்படுகிறது. காஞ்சிபுரத்தில் பயன்படும் அசல் சரிகையில் உள்நூல் பெரும்பாலும் செந்நிறமாக இருக்கும்.
6. சுற்றப்பட்ட நூலுக்கு மின்பகுப்பு முறையில் தங்க முலாம் பூசப்படுகிறது.

மின்முலாம் வருமுன் வேறொரு முறை வழக்கில் இருந்தது. வெள்ளிக் கோலின்மீது தங்கத் தகட்டைப் போர்த்திச் சூடாக்கி ஒட்டவைத்து, இரண்டையும் சேர்த்தே இழுத்தனர். கம்பி மெலியும்போது தங்கப் போர்வையும் அதே விகிதத்தில் மெலியும். எடுத்துக்காட்டாக, 30 மிமீ விட்டமுள்ள வெள்ளிக் கோலின்மீது, அதன் எடையில் 1% தங்கம் போர்த்தப்பட்டால் தங்கப் படலத்தின் தடிமன் ஏறத்தாழ 0.04 மிமீ ஆகும். அதே கோலை 0.1 மிமீ கம்பியாக இழுத்த பின், படலத்தின் தடிமன் ஏறத்தாழ 0.00014 மிமீ மட்டுமே. இது கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளத்தைவிடவும் குறைவு. ஆயினும் படலம் அறாமல் நின்றால் கம்பி முழுதும் பொன்னிறமாகவே தோன்றும்.

அச்சின் அமைப்பு

இழுப்பு அச்சின் துளை நேரான உருளை வடிவத் துளை அன்று. அதனை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால் நான்கு பகுதிகள் தென்படும்.

வாய்: கம்பி நுழையும் அகன்ற பகுதி. மசகுப் பொருள் இங்கே கம்பியுடன் சேர்ந்து உள்ளே செல்கிறது.

கூம்பு: கம்பி உண்மையில் மெலியும் பகுதி. இதன் சரிவு அதிகமானால் உலோகம் உட்புறம் கிழியக்கூடும். குறைவானால் உராயும் பரப்பு கூடி இழுவிசை அதிகமாகும்.

கழுத்து: இறுதி விட்டத்தை முடிவு செய்யும், நேரான குறுகிய பகுதி. அச்சின் அளவு என்று குறிக்கப்படுவது இதன் விட்டமே.

புறவாய்: கம்பி வெளியேறும் பக்கத்தில் சற்றே விரிந்த பகுதி. கழுத்தின் விளிம்பு உடையாமலும் கம்பியில் கீறல் விழாமலும் இது காக்கிறது.

அச்சு செய்யப் பயன்படும் பொருள்கள்

தடித்த கம்பிக்கு எஃகு அச்சுகள் நெடுங்காலம் பயன்பட்டன. பின்னர் டங்ஸ்டன் கார்பைடு அச்சுகள் பரவலாயின. இப்பொருள் 1920-களில் செருமனியில் உருவானது. மின்விளக்கின் டங்ஸ்டன் இழையை இழுக்கப் பயன்பட்ட விலையுயர்ந்த வைர அச்சுகளுக்கு மாற்றுத் தேடியதன் விளைவாகவே இது கிடைத்தது. வைரத்தைப் போன்றது என்னும் பொருள்பட விடியா என்ற வணிகப் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. இந்தியப் பட்டறைகளில் இன்றும் டங்ஸ்டன் கார்பைடை விடியா என்றே அழைப்பதுண்டு.

மிக மெல்லிய கம்பிக்கு வைர அச்சுகள் பயன்படுகின்றன. ஒற்றைப் படிகமான இயற்கை வைரம், அதன் படிகத் திசைகளுக்கேற்பச் சில பக்கங்களில் கூடுதலாகத் தேயும். அதனால் நாளடைவில் துளை வட்ட வடிவத்தை இழக்கிறது. நுண்ணிய வைரத் துகள்களை அழுத்திச் செய்யப்படும் பல்படிக வைர அச்சில் தேய்மானம் எல்லாத் திசையிலும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்.

அடிப்படைக் கணக்கு

இழுக்கும்போது உலோகத்தின் கன அளவு மாறுவதில்லை. எனவே குறுக்குவெட்டுப் பரப்பு எத்தனை மடங்கு குறைகிறதோ அத்தனை மடங்கு நீளம் கூடும். 1 மிமீ கம்பி 0.1 மிமீ ஆகும்போது விட்டம் பத்தில் ஒன்றாகவும், பரப்பு நூறில் ஒன்றாகவும் குறைகிறது. நீளம் நூறு மடங்காகிறது. வெள்ளியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம். ஆகவே ஒரு கிலோகிராம் தூய வெள்ளியை 0.1 மிமீ கம்பியாக இழுத்தால் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளம் கிடைக்கும்.

இத்தனை மெலிவையும் ஒரே அச்சில் செய்ய இயலாது. வெளியே வரும் மெல்லிய கம்பியே இழுவிசை முழுவதையும் தாங்கவேண்டும் என்பது இதற்குக் காரணம். உராய்வே இல்லை, உலோகம் இறுகுவதும் இல்லை என்று கொண்டாலும் ஒரு முறைக்குப் பரப்பில் 63 விழுக்காட்டுக்குமேல் குறைக்க முடியாது என்பதைக் கணக்கால் காட்டலாம். நடைமுறையில் ஏறத்தாழ 15 முதல் 25 விழுக்காடு வரையே குறைப்பர். முறைக்கு 20% எனக் கொண்டால், 1 மிமீ கம்பி 1.000, 0.894, 0.800, 0.716, 0.640 என இறங்கி, 21 அச்சுகளைக் கடந்த பிறகே 0.1 மிமீக்குக் கீழே வரும்.

இழுக்க இழுக்க உலோகம் இறுகி உடையும் தன்மையைப் பெறுகிறது. ஆதலால் இடையிடையே கம்பியைச் சூடாக்கி ஆறவிட்டு, மீண்டும் இளகச் செய்வர். செம்பு கலந்த வெள்ளியைத் திறந்த காற்றில் சூடாக்கினால் செம்பு ஆக்சைடு படிந்து கறுக்கும். அக்கறுப்பைப் போக்காமல் இழுத்தால் அது அச்சின் கழுத்தை அரம்போல் தேய்த்துவிடும்.

அச்சுகளை வரிசைப்படுத்திப் பொருத்துதல்

அச்சு எவ்வளவு நல்லதாயினும் பொருத்துவதில் பிழை நேர்ந்தால் கம்பி கெடும். பொதுவாகக் கவனிக்கப்படுவன கீழே தரப்பட்டுள்ளன.

அளவைச் சரிபார்த்தல்: அச்சின்மேல் பொறித்துள்ள எண்ணை மட்டும் நம்பலாகாது. அச்சு புதிதாக இருந்தபோது இருந்த அளவையே அது காட்டும். சிறிது கம்பியை இழுத்து, வெளிவந்த கம்பியை அளப்பதே சரியான வழி. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளந்தால் துளை நீள்வட்டமாகியுள்ளதா என்பதும் தெரியவரும்.

திசை: கம்பி வாய்ப் பக்கம் நுழைந்து புறவாய்ப் பக்கம் வெளியேற வேண்டும். மாற்றிப் பொருத்தினால் கழுத்தின் விளிம்பு சிதையும்.

நேர்கோடு: கம்பி, துளையின் அச்சுக்கோட்டில் நுழைய வேண்டும். சாய்வாக நுழைந்தால் துளை ஒருபுறம் மட்டும் தேயும். வெளிவரும் கம்பி நேராக நில்லாமல் சுருண்டுகொள்வது இப்பிழையின் முதல் அடையாளம்.

முனை மெலிதாக்கல்: கம்பியின் நுனியை அரத்தாலோ சிறு உருளையாலோ மெலிதாக்கித் துளையில் செலுத்தி, மறுபுறம் பிடியில் பற்றுவர்.

மசகு: தடித்த கம்பிக்கு மெழுகும் எண்ணெயும், மெல்லிய கம்பிக்குச் சோப்புக் கரைசல் போன்ற நீர்மங்களும் பயன்படும். நீர்மத்தில் உலோகத் தூள் சேர்ந்தால் அதுவே கீறல்களை உண்டாக்கும். எனவே வடிகட்டுதல் தேவை.

வேகப் பொருத்தம்: பல அச்சுகள் கொண்ட இயந்திரத்தில் ஒவ்வோர் அச்சுக்குப் பின்னும் ஓர் இழுவை உருளை இருக்கும். பரப்பு 20% குறைந்தால் நீளம் 1.25 மடங்காகும். ஆகவே அடுத்த உருளையின் பரப்பு வேகமும் ஏறத்தாழ 1.25 மடங்காக இருக்கவேண்டும். குறைந்தால் கம்பி தொய்யும்; மிகுந்தால் அறும்.

கம்பி அறுவதன் காரணத்தைக் காணுவதில் ஒரு நுட்பம் உண்டு. வரிசையில் ஓர் அச்சு தேய்ந்து விட்டத்தில் 5% பெரிதாகிவிட்டது எனக் கொள்வோம். அதிலிருந்து வரும் கம்பியின் பரப்பு ஏறத்தாழ 10% கூடுதலாக இருக்கும். அடுத்த அச்சு நல்ல நிலையில் இருப்பின், அது 20 விழுக்காட்டுக்குப் பதிலாக 27 விழுக்காட்டுக்குமேல் குறைக்க வேண்டிவரும். கம்பி அங்கேதான் அறும். அறுந்த இடத்தில் உள்ள அச்சை மட்டும் மாற்றினால் குறை தீராது. குற்றம் அதற்கு முந்தைய அச்சில் உள்ளது.

தேய்மானமும் மறுஅளவாக்கமும்

தேய்ந்த அச்சு வீணாவதில்லை. வைரப் பொடியும் ஊசியும் கொண்டு துளையைக் கடைந்து மெருகேற்றி, அடுத்த பெரிய அளவுக்கு மாற்றிப் பயன்படுத்துவர். இவ்வாறு ஓர் அச்சு தன் வாழ்நாளில் சிறிய அளவிலிருந்து பெரிய அளவுக்குப் படிப்படியாக நகர்கிறது. மெருகேற்றிய பின் புதிய அளவைப் பொறிக்க மறப்பது பெரும் குழப்பத்துக்கு இடமளிக்கும்.

வரிசையின் கடைசி அச்சு தேயும்போது கம்பி அறுவதில்லை. மாறாக, எளிதாகவே ஓடும். எனவே இத்தேய்மானம் அளந்து பார்த்தால் அன்றித் தெரிவதில்லை. 0.100 மிமீ அச்சு 0.105 மிமீ ஆனால், ஒரு மீட்டர் கம்பியின் எடை ஏறத்தாழ 10% கூடும். அதாவது ஒரு கிலோகிராம் உலோகத்தில் கிடைக்கும் நீளம் ஏறத்தாழ 9% குறையும்.

இவ்வளவு மெல்லிய கம்பியைத் திருகு அளவியால் அளக்கையில் பிழை நேர வாய்ப்பு மிகுதி. குறிப்பிட்ட நீளத்தை வெட்டி எடையிடுவது எளிய, நம்பகமான வழி. தூய வெள்ளியில் 0.100 மிமீ கம்பியின் 100 மீட்டர் ஏறத்தாழ 8.24 கிராம் இருக்கும், 0.105 மிமீ கம்பியின் அதே நீளம் ஏறத்தாழ 9.08 கிராம் இருக்கும். ஒரு நல்ல தராசு இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டிவிடும்.

காஞ்சிபுரமும் சரிகையும்

இந்தியாவில் சரிகை உற்பத்தியின் முதன்மை மையம் குசராத்து மாநிலத்தின் சூரத்து நகரம். காஞ்சிபுரத்துக்கும் சரிகை பெருமளவு அங்கிருந்தே வருகிறது. சூரத்து சரிகைத் தொழிலுக்கும் காஞ்சிபுரம் பட்டுக்கும் தனித்தனியே புவிசார் குறியீடு உண்டு. சரிகையின் தரத்திற்கு வெளியூரையே நம்பியிருந்த நிலையில், தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தரமான சரிகை வழங்கும் நோக்குடன் தமிழ்நாடு சரிகை ஆலை என்ற அரசு நிறுவனம் 1971-இல் தொடங்கப்பட்டது. இது காஞ்சிபுரத்தில் அமைந்துள்ளது.

கூட்டுறவுச் சங்கங்களுக்கான அசல் சரிகையில், எடைக்கணக்கில் வெள்ளி 40%, செம்பு 35.5%, பட்டு 24%, தங்கம் 0.5% என்ற விகிதம் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. காஞ்சிபுரத்தில் சரிகையை மார்க் என்ற அலகால் அளப்பர். ஒரு மார்க் என்பது ஏறத்தாழ 240 கிராம். மேற்கண்ட விகிதப்படி ஒரு மார்க் சரிகையில் 96 கிராம் வெள்ளியும், 85.2 கிராம் செம்பும், 57.6 கிராம் பட்டும், 1.2 கிராம் தங்கமும் அடங்கும்.

விகிதம் சரியாக இருந்தால் மட்டும் சரிகை சரியானது என்று கூறிவிட முடியாது. நெசவாளருக்குப் பட்டும் சரிகையும் எடைபோட்டுக் கொடுக்கப்படுகின்றன. ஆனால் தறியில் அவருக்குத் தேவைப்படுவது நீளம். கம்பி தடித்திருந்தால், விகிதம் மாறாத நிலையிலும் ஒரு மார்க்கில் கிடைக்கும் நீளம் குறையும். கரையும் முந்தானையும் முடியுமுன் சரிகை தீர்ந்துபோகும். அக்குறைக்கு நெசவாளரின் கைச்சேதமே காரணம் என்று கருதப்படவும் கூடும். மாறாக, கம்பி மிக மெல்லியதானால் சப்பட்டை இழை ஒடுங்கி, சுற்றுகளுக்கு இடையே உள்நூல் தெரியும். நெய்யும்போது இழை அறும். சில ஆண்டுகளில் சேலையின் பொலிவு குன்றும். எனவே ஒரு சரிகையின் தரத்தைக் கூற விகிதம், ஒரு மார்க்கின் நீளம் ஆகிய இரண்டும் தேவை.

2025-இல் தங்கம், வெள்ளி ஆகியவற்றின் விலைகள் பெரிதும் ஏறின. விலை ஏறும்போது அச்சின் சிறு பிழையும் பெரும் பணமாகிறது. போலிச் சரிகையைக் கலக்கும் தூண்டுதலும் கூடுகிறது.

சரிகையின் வகைகளும் சோதனையும்

சந்தையில் உள்ள சரிகையை மூன்றாகப் பிரிக்கலாம்.

அசல் சரிகை: வெள்ளி அடங்கிய உலோக இழை, பட்டு உள்நூல், தங்க முலாம் ஆகியவற்றைக் கொண்டது.

போலிச் சரிகை: செம்புக் கம்பியின்மீது மெல்லிய வெள்ளி முலாம் பூசியது. இதற்கும் இழுப்பு அச்சுகள் பயன்படுகின்றன.

நெகிழிச் சரிகை: உலோகப் பூச்சுக் கொண்ட பாலியெஸ்டர் தாளை நாடாவாக வெட்டியது. இதற்குக் கம்பி இழுத்தல் தேவையில்லை.

சரிகையைச் சுரண்டிப் பார்த்துச் செந்நிற உள்நூல் தெரிந்தால் அசல் என்று கொள்வது மக்கள் வழக்கு. உள்நூலுக்கு எவரும் செந்நிறச் சாயமிட முடியும் என்பதால் இதனை முடிவான சோதனையாகக் கொள்ள இயலாது. எக்சு-கதிர் ஒளிர்வுக் கருவி, சரிகையைச் சிதைக்காமல் அதிலுள்ள உலோகங்களின் விகிதத்தை அளக்கிறது. ஆயினும் அக்கருவி நீளத்தை அளப்பதில்லை. நீளத்தை அறிய, அளந்து வெட்டிய நூலை எடையிடுவதே வழி.

பிற துறைகளில் அளவாக்க அச்சுகள்

உலோகத்தை நெருக்கி உரிய அளவுக்குக் கொணரும் அச்சுகள் வேறு பல துறைகளிலும் உள்ளன. மின்கம்பி, ஊசி, இசைக்கருவி நரம்பு ஆகியவற்றுக்கு இழுப்பு அச்சுகளே பயன்படுகின்றன.

துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை உறைக்குப் பயன்படும் மறுஅளவாக்க அச்சு இவற்றுக்கு நெருங்கிய மற்றொரு வகையாகும். சுடும்போது அழுத்தத்தால் உறை விரிந்து துப்பாக்கி அறையின் வடிவத்தைப் பெறுகிறது. அவ்வுறையை மீண்டும் பயன்படுத்த வேண்டுமானால், அதனை அச்சினுள் அழுத்திச் சுருக்க வேண்டும். அச்சிலிருந்து எடுத்ததும் பித்தளை சற்றே மீள் விரிவடைவதால், அச்சின் அளவை அன்றி வெளிவந்த உறையையே அளப்பர். போல்ட் வகைத் துப்பாக்கிகளில் உறையின் தோள் ஏறத்தாழ 0.025 முதல் 0.05 மிமீ வரை மட்டும் பின்தள்ளப்படுவது வழக்கம். அச்சை அளவுக்கு மீறி இறக்கிப் பொருத்தி ஒவ்வொரு முறையும் கூடுதலாகத் தள்ளினால், உறை அடிப்பகுதிக்கு அருகே மெலிந்து, சுடுகையில் பிளந்துவிடக்கூடும். மசகிடுதல், இறுகிய பித்தளையைச் சூடாக்கி இளகச் செய்தல் ஆகியன இங்கும் உண்டு. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இன்றித் தோட்டா தயாரித்தல் குற்றமாகும்.

சரிகைக் கம்பிக்கும் பித்தளை உறைக்கும் பயன் வேறாயினும் விதி ஒன்றே. அச்சில் எழுதியுள்ள அளவைவிட, அச்சிலிருந்து வெளிவந்த பொருளின் அளவே முடிவானது.

இவற்றையும் பார்க்க

காஞ்சிபுரம் பட்டு
கைத்தறி
கம்பி இழுத்தல்
மின்முலாம் பூசுதல்
புவிசார் குறியீடு